உத்திராபதியின் முதல் சாவு

சிவசங்கருடைய பிளாக்கை உயிரோடு வைத்திருந்தது ஊரில் விழுந்த சாவுகள்தான். இதைச் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். கோயில் வரலாறு எழுதினேன், பஸ் நேரம் போட்டேன், அரசுத் தேர்வுக்கு மாதிரி வினாத்தாள் போட்டேன் என்று வரிசையாக அடுக்குவான். எல்லாம் போட்டான், உண்மைதான். பார்க்கத்தான் ஆளில்லை.

கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் லேபில் வேலை பார்த்தவன் அவன். கம்பெனி கைமாறியது, ஆட்களைக் குறைத்தார்கள், அதில் இவனும் போனான். சிதம்பரத்தில் வாடகை வீடு. மனைவி தமிழினிக்கு மேலவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. வேறு வேலை கிடைக்கிறவரைக்கும் என்று சொல்லித்தான் 'தில்லைச் சேதி' என்ற பிளாக்கை ஆரம்பித்தான். வீட்டில் உட்கார்ந்தபடியே சம்பாதிக்கலாம் என்று யூடியூபில் எவனோ சத்தியம் செய்திருந்தான். அந்தப் புண்ணியவான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: தினமும் புதிதாக ஏதாவது போட்டே ஆகவேண்டும். இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டால் தேடுகிறவன் கண்ணில் பிளாக் படாது. காய்ச்சலோ கல்யாணமோ, இவன் எதையாவது எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தான். விளம்பரத்தில் வந்த வருமானம் போன் ரீசார்ஜுக்குச் சரியாகப் போயிற்று. நாளெல்லாம் நின்று வீங்கிய காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு தமிழினி சாயங்காலங்களில் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அவள் திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இந்த நிலைமையில் கை கொடுத்தவர் அவளுடைய அப்பா உத்திராபதி. கீரப்பாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம். கொஞ்சம் நிலம், ஒரு டிவிஎஸ் வண்டி. சுற்று வட்டாரத்தில் அவர் போகாத சாவு கிடையாது. சொந்தம், பங்காளி, பழக்கம், பழக்கமே இல்லாதவன், எல்லாருக்கும் போவார். மாலையைப் போட்டுவிட்டு உடனே கிளம்பிவிடுகிற ஆளும் இல்லை. பந்தல் போடுகிறவனை விரட்டுவார், வராத தம்பியைக் காலில் விழாத குறையாகக் கூட்டிவருவார், எடுக்கிறபோது தோள் கொடுப்பார்.

"மாப்ள, ஒரத்தூருல ரைஸ்மில்லுக்காரரு தவறிட்டாரு. போட்டா அனுப்பறேன், ஒன் பிளாக்குல போட்டுவுடு. நாலு பேரு பாத்துட்டு வருவாங்க" என்று ஒரு காலை அவர் போன் பண்ணினார்.

போட்டான். அன்றைக்குப் பார்த்த கூட்டம் அதற்கு முந்தைய மாதம் முழுக்க வந்த கூட்டத்தைவிட ஜாஸ்தி. சென்னை, திருப்பூர், துபாய், சிங்கப்பூர் என்று எங்கெங்கோ பிழைக்கப் போனவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அதன் பிறகு மாமனார் சேதி சொல்லச்சொல்ல மருமகன் போட்டான். விவரம் எல்லாம் சுத்தமாக இருக்கும். மகன் எந்த ஊர், மருமகள் யார் வீட்டுப் பெண், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று உத்திராபதி விசாரித்துச் சொல்லுவார். படத்தோடு பெரிதாகப் போடச் சொல்லிச் சில குடும்பங்கள் தாங்களே பணமும் கொடுத்தன. வீட்டு வாடகையை முதல் தடவையாக அவன் தன் கையால் கொடுத்த மாதம், தமிழினி பால் பாயசம் வைத்தாள். அந்த ஒரு டம்ளர் பாயசத்துக்காகவே அவன் இன்னும் நாலு ஊர்ச் சாவைத் தேடிப் போவான் போலிருந்தது.

சாவுச் செய்தியில் முந்திக்கொள்கிறவனுக்குத்தான் மரியாதை. இரண்டாவதாகப் போடுகிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிதம்பரத்திலேயே இன்னும் இரண்டு பேர் இதே தொழிலுக்கு வந்துவிட்டார்கள். அதனால் சிவசங்கர் ஒரு வழக்கம் வைத்திருந்தான். ஆஸ்பத்திரியில் 'வீட்டுக்குக் கொண்டுபோயிடுங்க' என்று சொல்லிவிட்டார்கள் என்று காதில் விழுந்தால் போதும், செய்தியை முழுசாக எழுதித் தயாராக வைத்துவிடுவான். அந்தப் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் கிடையாது. அதைக் கேட்டதும் வீட்டில் வாசலைக் கூட்டிச் சாமான்களை ஒதுக்கி வைப்பார்கள், பந்தல்காரனுக்குச் சொல்லி வைப்பார்கள். இவன் எழுதி வைப்பான், அவ்வளவுதான்.

புரட்டாசி மாதம் உத்திராபதிக்கு மூச்சு இழுத்தது. கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு டாக்டர் தமிழினியைக் கூப்பிட்டு, நுரையீரல் வேலை செய்யவில்லை, ஆக்சிஜன் முகமூடியை எடுத்தால் உயிர் நிற்காது, வீட்டுக்குக் கொண்டுபோயிடுங்கம்மா என்று சொன்னார். ஆம்புலன்ஸ் சிப்காட்டைத் தாண்டுகிறபோது உள்ளே அந்தக் கெமிக்கல் வாடை அடித்தது. தமிழினி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து அழுதுகொண்டிருந்தாள். எதிர்ப் பலகையில் சிவசங்கர் போனை எடுத்தான்.

அவன் மனசில் ஓடியதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் மருமகன் என்ற முறையில் நூறு வேலை வரும். போனைத் தொட நேரமிருக்காது. மாமனார் சாவையே வேறு எவனாவது முந்திப் போட்டுவிட்டால் அதைவிடக் கேவலம் உண்டா? அவன் அழுதுகொண்டேதான் எழுதினான். படம் வைத்தான். 'எல்லார் துக்கத்திலும் தோள் கொடுத்தவர்' என்று ஒரு வரி சேர்த்தான். சாயங்காலம் தானாகவே வெளியாகும்படி நேரம் குறித்து வைத்துவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டில் கூடத்தில் படுக்க வைத்து முகமூடியை எடுத்தார்கள். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். உத்திராபதி ஒரு தடவை இருமினார். இன்னொரு தடவை இருமினார். அப்புறம் கண்ணைத் திறந்து, "தண்ணி குடு பாப்பா" என்றார்.

அப்போது அந்த வீட்டில் எழுந்த சத்தம் கல்யாணச் சத்தம். தமிழினி அப்பாவைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். ஒருத்தர் பால் வாங்க ஓடினார், ஒருத்தர் கஞ்சி வைக்கப் போனார். பந்தலுக்குச் சொன்னவரைத் திட்டித் தீர்த்தார்கள். சிவசங்கர் இளநீர் வாங்கக் கீரப்பாளையத்துக்கு வண்டியில் பறந்தான். போன் பக்கத்து வீட்டில் சார்ஜில் கிடந்தது. சாயங்காலத்துக்குக் குறித்து வைத்த சமாச்சாரம் அவனுக்குச் சுத்தமாக மறந்துபோயிற்று.

பொழுது சாயும் நேரத்தில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஆளுயர மாலைகள், கோடித் துணி, தாம்பாளம். சேத்தியாத்தோப்பிலிருந்து மேளமே வந்தது. எல்லாருக்கும் முன்னால் ஓடிவந்தவள் உத்திராபதியின் தங்கை சின்னம்மாள். ஸ்ரீமுஷ்ணத்தில் வாக்கப்பட்டவள். தெருமுனையிலேயே மாரில் அடித்துக்கொண்டு, தலையை விரித்துப்போட்டு, "எங்கண்ணா... என்னப் பெத்த அண்ணா..." என்று ஓலமிட்டுக்கொண்டு வந்து கூடத்தில் விழுந்தாள்.

சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த உத்திராபதி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏன்டி இப்பிடி அழுவுற? யாரு பூட்டா?"

சின்னம்மாள் நிமிர்ந்து பார்த்து, விரித்த தலையை அள்ளி முடிந்துகொண்டாள்.

"நீ சொல்ற வரைக்கும் எனுக்குத் தெரியாம போச்சே. பாப்பா, அந்தத் துண்ட எடு. நானும் ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்" என்றார் அவர், எழுந்திருக்கப் பார்த்தபடி.

முதலில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் விஷயம் தெரிந்ததும் யாரும் சிரிக்கவில்லை. பிணத்துக்கென்று வாங்கின மாலையைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. உயிரோடு இருக்கிறவருக்குப் போடவும் முடியாது. தெருவோர வாய்க்காலில் வீசினார்கள். மேளக்காரர்கள் கூலி கேட்டுச் சண்டை போட்டார்கள். உத்திராபதியின் பங்காளி தட்சிணாமூர்த்தி, "எவன்டா போட்டது? அவன செருப்பால அடிக்கணும்" என்று கத்தினார். போட்டது யார் என்று எல்லாருக்கும் தெரியும். சிவசங்கர் இளநீர்க் குலையோடு தெருமுனையில் நின்றுகொண்டிருந்தான்.

ஓடிப்போய்ப் போனை எடுத்தான். செய்தியை அழிக்கத்தான் எடுத்தான், சத்தியமாக. திறந்ததும் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்ற கணக்கு கண்ணில் பட்டது. பிளாக் ஆரம்பித்த நாளிலிருந்து அப்படி ஒரு கூட்டத்தை அவன் கண்டதில்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே ஏறிக்கொண்டிருந்தது. கை அழிக்கிற இடத்துக்குப் போய் நின்றது. கடைசியில் அவன் அழிக்கவில்லை. தலைப்பை மட்டும் மாற்றினான்: 'உத்திராபதி இறந்தாரா? நடந்தது என்ன? முழு விவரம் உள்ளே.'

அந்த மாதத்து வாடகை அதில்தான் வந்தது. கடையில் கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி போனில் அதைக் காட்டிச் சிரிக்க, தமிழினி வீட்டுக்கு வந்து, "இன்னும் அத வச்சினு இருக்கீங்களா?" என்று கேட்டாள். அவன் வாயைத் திறக்குமுன் அவளே, "எங்கப்பா சாவுறதுக்குள்ள எத்தினி தரம் சம்பாரிப்பீங்க?" என்றாள். அன்றைக்குத்தான் அழித்தான். யாரும் பார்க்காமல் ஓய்ந்துபோன பிறகு அழிப்பதில் என்ன பெருமை வேண்டியிருக்கிறது.

உத்திராபதி மட்டும் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருமகனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆசையாக விசாரித்தார்.

"யார் யாரு வந்தாங்க மாப்ள? நான் அசதியில சரியா பாக்கல."

சிவசங்கர் சொன்னான். ஒவ்வொரு பேருக்கும் அவர் முகம் மலர்ந்தது. "புவனகிரி வாத்தியாருமா? அவரு எங்கூட பேச்சு வார்த்தையே இல்லையே" என்று அதிசயப்பட்டார். சொல்லிமுடித்ததும் எல்லாரையும் இன்னொரு தடவை விரல்விட்டு எண்ணினார்.

"அப்ப எல்லாரும் வந்துட்டுப் பூட்டாங்க. இனிமே எனுக்கு யாரு மாப்ள வருவா?"

வாழ்நாளெல்லாம் ஊரார் சாவுக்குப் போன மனுஷன் தனக்கென்று கேட்ட ஒரே கேள்வி அது. "நான் இட்டாரேன் மாமா. ஒருத்தரு பாக்கியில்லாம இட்டாரேன்" என்று சிவசங்கர் அவர் காலைத் தொட்டுச் சொன்னான். அப்படியே நடத்திவிட வேண்டும் என்றுதான் அவன் நினைத்தான்.

அதற்காக ஊர் ஊராகப் போனான். மன்னிப்புக் கேட்டான். சில வீடுகளில் உட்காரச் சொல்லவில்லை. ஒரு அம்மா, "நீ போட்டதப் பாத்து ஓடியாந்து தலைமுழுவுனது பத்தாதா?" என்று கதவைச் சாத்தினாள். தட்சிணாமூர்த்தி வாசலிலேயே நிறுத்திப் பேசினார்.

"உசுரோட இருக்கறவனுக்குப் பொண மாலை எடுத்தாந்தேன் தம்பி. மறுநாளு எம் பேரனுக்கு ஜொரம், ஆஸ்பத்திரில கெடந்தான். ஒரு சாவுக்கு ஒரு தரந்தான் போறது. நான் போயிட்டு வந்துட்டேன்."

"மாமா, அவரு ஒங்க வூட்டு சாவுக்கெல்லாம்..."

"வந்தாரு. நானும் வந்தேன். கணக்கு சரியாப் போச்சு, போ."

கார்த்திகை மழையில் ஒரு விடியற்காலை உத்திராபதி நிஜமாகவே செத்துப்போனார். யாரையும் தொந்தரவு பண்ணாமல், தூக்கத்திலேயே.

சிவசங்கர் போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். "இந்தத் தடவ கன்ஃபார்மா?" என்று கேட்டுவிட்டு ஒருவன் சிரித்தான். சிலர் எடுக்கவே இல்லை. சிலர் "அப்பிடியா, பாக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். பொழுது ஏறிற்று. பந்தலுக்குக் கீழே ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரித்துப் போட அவசியமே வரவில்லை. வேறு வழி தெரியாமல் அவன் பிளாக்கிலும் போட்டான். எங்கள் மாமா இன்று காலை உண்மையாகவே காலமானார், தயவுசெய்து வாருங்கள் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாக எழுதினான். நிமிஷத்தில் பதில்கள் வந்து குவிந்தன. 'மறுபடியுமா?' 'எத்தன வாட்டிய்யா சாவாரு இந்த மனுசன்?' 'அட்மின், இந்த மாச வாடகையா?' கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். அதைப் பார்த்தவர்கள் இன்னும் பலருக்கு அனுப்பினார்கள்.

சின்னம்மாள் வந்தாள். நடந்தே தெருவுக்குள் வந்தாள், சத்தமில்லாமல். அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் நெற்றியைத் தடவிக்கொண்டேயிருந்தாள். யாரோ ஒருத்தி ஒப்பாரியை ஆரம்பிக்கச் சொல்லி அவளைத் தொட்டாள்.

"அழுவணும்னுதான் பாக்கறேன்டி. அன்னைக்கே எல்லாத்தயும் அழுதுட்டேன். இப்ப வரமாட்டேங்குது" என்றாள்.

மழை கொஞ்சம் விட்டபோது எடுத்துவிடலாம் என்றார்கள். பாடையில் வைத்துக் கட்டியாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், பந்தல்காரர், சிவசங்கர். இன்னொரு தோள் வேண்டும். தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார்கள். மழைத் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டேயிருந்ததால் சிவசங்கர் அதை எடுத்து அணைக்கப் போனான். தமிழினி எழுந்து அவனருகில் வந்தாள்.

"எத்தினி பேரு பாத்துருக்காங்க?"

"வேணாம் தமிழு."

"சொல்லுங்க."

சொன்னான். முதல் தடவையைவிட ஜாஸ்தி. ஆயிரக்கணக்கில்.

அவள் போனைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு அதை அவன் கையிலேயே திணித்தாள்.

"அவுங்கள வந்து தூக்கச் சொல்லுங்க" என்றாள்.