பாதுகாப்பு வாரத்தில் பிரபஞ்சம்

எல்லாமே பிரக்ஞையிலிருந்து வந்ததாம். நட்சத்திரம், கல், கடல், எங்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட், எல்லாமே. பாதுகாப்பு வாரத்துக்காகச் சென்னையிலிருந்து வந்த பேச்சாளர் கேன்டீனில் மைக் பிடித்துச் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்போ விபத்தும் முதல்ல மனசுலதான் பிறக்குது," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்து நான் பேச வேண்டும். எங்கள் கம்பெனி வழக்கம் அப்படி. அடிபட்டவரே மேடையேறி, 'என் கவனக்குறைவுதான் காரணம்' என்று சொல்லி, மற்றவர்களுக்கு உறுதிமொழி சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒழுங்காகச் சொன்னால் பேக்கிங்கில் வேலை உண்டு என்று மேனேஜர் அன்புசெல்வன் காலையிலேயே சொல்லிவிட்டார். வலது கையில் இரண்டு விரல் இல்லாதவளுக்கு வேறு யார் வேலை தரப்போகிறார்கள்?

பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன். இரண்டையும் இரண்டு கையால் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டவே மாட்டாது. ஒரு பட்டனில் தீக்குச்சியைச் சொருகிவிட்டால் அது அழுந்தியே நிற்கும்; வலது கையால் தகடு வைத்துக்கொண்டே இடது கையால் அழுத்தலாம். வேகம் கூடும். சூப்பர்வைசர் விமல் ஒவ்வொரு ஷிப்டிலும் தானே வந்து சொருகுவார். மேனேஜர் பார்த்துக்கொண்டே போவார்.

மைக்கை வாங்கி, "என் கவன" என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தினேன். பேச்சாளர் பக்கம் திரும்பினேன்.

"எல்லாம் மனசுலேர்ந்து வந்துச்சுன்றீங்க. சரி சார். பட்டன்ல சொருகுன தீக்குச்சி யார் மனசுலேர்ந்து வந்துச்சு? என் மனசுலேர்ந்தா? அன்னிக்கு நான் நல்லா முழிச்சிக்கினுதான் இருந்தேன். விரல் போனதக்கூட பாத்துக்கினுதான் இருந்தேன்."

விமல் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார். என் பக்கத்து மெஷினில் நிற்கும் ஃபிர்தௌஸ், "நல்லா கேளு இளமதி!" என்று கத்தினாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்கள்மேலும் கோபம்தான், மறைப்பானேன்.

மைக்கை அணைத்துவிட்டார்கள். "பேக்கிங்கும் கெடயாது, ஒண்ணும் கெடயாது. கெளம்பு," என்றார் மேனேஜர்.

கிளம்பினேன். கேட் வரைக்கும் பேச்சாளர் பின்னாலேயே வந்தார். முகம் வேர்த்திருந்தது.

"மன்னிச்சிடுங்கம்மா. உங்களுக்கு எப்படி அடிபட்டுச்சுன்னு எனக்குத் தெரியாது."

"உலகம் எப்டி உண்டாச்சுன்னே தெரிஞ்சிக்கினு வந்தீங்களே சார். இத எங்களாண்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலியா?"