சலாப்பா வீட்டுக் கிதாரின் வாய்

கிதார் செய்யும் ஊரான பராச்சோவில் ஒருவன் இன்னொரு வீட்டுக் கிதாரை வாங்கிப் பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம், வாசித்தும் பார்க்கலாம். அதன் நடுவிலிருக்கும் வட்ட வாய்க்குள் விரலை மட்டும் விடமாட்டான். அடுத்த வீட்டு அடுப்பில் கொதிக்கும் சட்டியைத் திறந்து பார்ப்பதைப் போல அது.

கிதார் செய்யும் பெரியவர் டோன் நிகானோர் சலாப்பா இறந்து வருஷம் திரும்பவில்லை. அவர் பட்டறையில் பதினாறு வருஷம் வேலை பார்த்து, அந்த வீட்டுச் சோளக் கொழுக்கட்டையில் உடம்பு வளர்த்த எவெலியோ, சந்தையில் நின்று வாய்கூசாமல் பேசினான். கிழவருக்குக் கடைசிக் காலத்தில் கை நடுக்கமாம். பேர் மட்டும்தான் அவருடையதாம், கிதாரெல்லாம் தான் செய்ததாம். கிதாரின் தலையில் சலாப்பா வீட்டார் மட்டுமே செதுக்கும் இரட்டைப் பிறையைத் தான் புதிதாகப் போட்ட கடைச் சரக்கிலும் செதுக்கத் தொடங்கியிருந்தான்.

நிகானோரின் கை நடுங்கியது உண்மை. உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மேல்பலகையின் அடியில், வெளியே தெரியாத மரச் சட்டங்களை அவருக்காக ஒட்டியவள் மகள் தோமித்திலா. உடல் மூடிய பிறகுதான் கிதார் எவெலியோவின் கைக்கு வரும். அதைச் சொன்னால் எவெலியோவின் பொய் உடையும். அப்பாவின் பெயரும் சேர்ந்து உடையும். சொல்லாமலே அவனை மண்ணைக் கவ்வவைக்க வேண்டும். அந்த நினைப்போடுதான் அவள் அந்த மாதங்கள் முழுக்கச் சாப்பிட்டாள், தூங்கினாள்.

ஆகஸ்ட் திருவிழாவில் அவனே வழி திறந்துவிட்டான். காலைக் கோயில் மணிக்கு வெறும் பலகையில் தொடங்கி, மாலை மணிக்குள் அசல் நிகானோர் கிதார் ஒன்றைச் சதுக்கத்தில் செய்து காட்டுவதாக அறிவித்தான். தோமித்திலா போய் அவனுக்கு எதிரே ஒரு மேசை போட்டாள். தோற்றவர் ஜெயித்தவரின் மரச்சீவல் சுருளைக் கூட்டி அள்ள வேண்டும் என்பது அந்தச் சதுக்கத்தின் பழைய வழக்கம்.

"என்ன தோமி, அடுப்பங்கரையில வேலை இல்லையா?" என்றான் எவெலியோ. அவள் அப்பா இருந்தவரை, முதலாளி மகளென்று அவளைச் சின்னம்மா என்றே கூப்பிட்டவன்.

அவள் பசைச் சட்டியைக் கரியடுப்பில் ஏற்றினாள். அவன் கழுத்தை நினைத்துக்கொண்டே உளியைத் தீட்டினாள்.

இருவரும் பக்கப் பலகைகளைச் சூட்டுக் குழாயில் வளைத்தார்கள். எவெலியோ சீக்கிரம் காயும் பசையை டின்னில் கொண்டுவந்திருந்தான். உச்சி வெயிலுக்குள் முதுகுப் பலகையையும் மூடிவிட்டான். தோமித்திலா அப்போதுதான் தன் சால்வையை மேசைமேலிருந்த கிதாரை மூடி விரித்து, கைகள் இரண்டையும் அதற்கடியில் விட்டு, விரலாலேயே தடவித் தடவிச் சட்டம் சீவிக்கொண்டிருந்தாள். உள்வேலையைப் பிறத்தியார் கண்ணில் காட்டுவது அந்த வீட்டில் இல்லை.

கூட்டத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளே இருப்பது கிதாரா கைக்குழந்தையா என்று ஒருவன் கேட்டான். பசித்து அழப்போகிறது, சீக்கிரம் கவனி என்றான் இன்னொருவன். அவள் தலை நிமிரவில்லை.

பொழுது சாயும்போது எவெலியோ தன் கிதாரை வாசித்துக்கொண்டே சதுக்கத்தைச் சுற்றி வந்தான். வார்னிஷ் காணாத வெள்ளைக் கிதாரில் தோமித்திலா கடைசித் தந்தியை முறுக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

தீர்ப்புச் சொல்ல நின்றவர் பாட்டுக்குழுத் தலைவர் டோன் சிரிலோ. அவர் தோளில் தொங்கியது, கடைசிக் காலத்தில் நிகானோர் பட்டறையிலிருந்து வந்த கிதார். இரண்டு புதுசையும் மாற்றி மாற்றி வாசித்தார். பிறந்த அன்றைக்கே எந்தக் கிதாரும் முழுசாய் வாய் திறக்காது, வித்தியாசம் சொல்வது கஷ்டம் என்று உதட்டைப் பிதுக்கினார். எவெலியோ நெஞ்சை நிமிர்த்தினான்.

"விரலை உள்ள விட்டுப் பாருங்க, டோன் சிரிலோ," என்றாள் தோமித்திலா.

பெரியவர் கூச்சத்தோடு அவளைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக் கிதாரு. நான் சொல்றேன், விடுங்க."

முதலில் தன் கிதாரில் விட்டார். வாய்க்குக் கீழே ஓடும் குறுக்குச் சட்டத்தில் இரண்டு சின்ன வளைவாசல்கள் இருந்தன. இடது அகலம், வலது குறுகல். தோமித்திலாவின் கிதாரிலும் விரல் அதே இரண்டு வாசலில் நுழைந்தது. எவெலியோவின் கிதாரில் முட்டி நின்றது.

"சுவரு," என்றார் அவர்.

தானே செய்ததாகச் சொன்ன நிகானோர் கிதாருக்குள் எவெலியோ ஒரு நாளும் விரல் விட்டதில்லை. ஊர் மரியாதையில் அந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றியிருக்கிறான்.

"அது கிடக்கட்டும். உங்கப்பனுக்குக் கை நடுங்கலன்னு மாதா மேல சத்தியம் பண்ணு பாப்போம்."

தோமித்திலா உளியை மேசையில் வைத்தாள். பொய்ச் சத்தியம் அவளால் ஆகாது.

"நடுங்குற கைன்னே வெச்சுக்க. அந்தக் கை செஞ்சத உன் நல்ல கையால செய்ய முடியலையே."

சிரிப்பு பாட்டுக்குழுவில் தொடங்கிச் சதுக்கம் முழுக்கப் பரவியது. யாரோ துடைப்பத்தைக் கொண்டுவந்து எவெலியோ கையில் திணித்தார்கள்.

குனிந்து கூட்டிக்கொண்டே வந்தவன் அவள் காலருகில் குரலைத் தாழ்த்தினான். "சின்னம்மா, கதவுக்குப் பின்னால யாரு இருந்தாங்கன்னு இப்பப் புரியுது. ஊருக்குச் சொல்லிடவா?"

"சொல்லு. எல்லாம் நான்தான் செஞ்சேன்னு சொன்ன அதே வாயால, ஒரு பொம்பள செஞ்சதுன்னு சொல்லு. கேட்டுட்டு இன்னொரு தரம் சிரிப்பாங்க."

அவன் மறுபடி குனிந்து துடைப்பத்தை இழுத்தான்.

"நாளைக்கு உன் கடையில எங்க வீட்டுப் பிறை ஒண்ணு கூட இருக்கக் கூடாது. மேசைக்கு அடியிலயும் சுருள் கிடக்கு பாரு. கூட்டு."

அவள் காலை நகர்த்திக்கொள்ளவில்லை. அவன் அதைச் சுற்றித்தான் கூட்ட வேண்டியிருந்தது.