ஏணியின் அடியில் நின்றவள்

2024 பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, கரடியூருக்கு அருகே ஒரு காப்பி எஸ்டேட்டில் மிளகு பறித்துக்கொண்டிருந்த செல்வராஜ் பதினெட்டடி உயரத்திலிருந்து விழுந்தார். இடது தொடை எலும்பு முறிந்தது.

ஏணியின் அடியில் நின்றவள் அமுதவல்லி. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கிலைச் சாய்த்து, கணுக்களில் கால் வைத்து ஏறுவார்கள். மேலே போனவர் தரையைத் தொடும்வரை கீழே நிற்பவர் மூங்கிலை விடக்கூடாது. ஐந்து பருவமாக அவர்கள் இருவருக்கும் ஒரே ஏணி.

மத்தியானம் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் பிரபாகர் விபத்துத் தாளோடு வந்தார்.

“எப்படிம்மா ஆச்சு?”

“எப்படியோ ஆயிப்போச்சுங்க.”

“அப்படியெல்லாம் எழுத முடியாது. எங்கிட்ட இருக்கறது மூணு. கால் தவறி, கவனக்குறைவால, எதிர்பாராதவிதமா. எது வேணும், சொல்லு.”

கூட மிளகு பறிக்க வந்த அம்மணி பக்கத்தில் சாக்கை உதறிக்கொண்டே, “ஏனுங்க ரைட்டரே, சேலைக்கடையாட்டம் எடுத்துப் போடறீங்க?” என்றாள்.

அமுதவல்லி சிந்திக் கிடந்த மிளகைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் ‘கால் தவறி’ என்று எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஒருமுறை கால் தவறியவரை அந்த எஸ்டேட்டில் மறுபடி ஏணி ஏற்றுவதில்லை. அது அவளுக்குத் தெரியும்.

நடந்தது வேறு. காப்பிச் செடிக்கடியில் இருந்த சோற்றுப்பையைக் குரங்கு இழுத்தது. அவள் மூங்கிலை விட்டுவிட்டு, கல் எடுக்கக் குனிந்தாள். நிமிர்வதற்குள் மூங்கில் உருண்டுவிட்டது.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் ஆளாளுக்குத் தேற்றினார்கள். நேரம் என்றார்கள், விதி என்றார்கள், நீ என்ன வேணும்னா செஞ்ச என்றார்கள். ஒவ்வொரு சொல்லையும் அவள் கேட்டுக்கொண்டாள். குரங்கைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பஸ் பிடித்துச் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். செல்வராஜ் காலில் எடை கட்டிப் படுத்திருந்தார். அவர் மனைவி காமாட்சி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

“வா கண்ணு. நொம்பப் பயந்துட்டயா? நீ புடிச்சிருந்தும் எங்காலு வழுக்கிருச்சு பாரு.”

“குதிகால் வெடிப்புக்கு மருந்து போடுங்கன்னு பதினஞ்சு நாளாச் சொன்னேன்” என்றாள் காமாட்சி. “கேட்டாத்தானே இந்த மனுசன்.”

“கால் இல்லீங்கண்ணா” என்றாள் அமுதவல்லி. “நான் உட்டுட்டேன்.”

“என்னத்தை?”

“ஏணியை. கொரங்கு சோத்துப்பையை இழுத்துச்சு. கல்லெடுக்கக் குனிஞ்சேன்.”

காமாட்சியின் கை நின்றது. “தெரியாம உட்டுட்டியா?”

“உடறேன்னு தெரிஞ்சுதாங்க அண்ணி உட்டேன். உழுவாருன்னு தெரியாதுங்க.”

செல்வராஜ் மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்தார்.

“கொரங்குக்கு அடி பட்டுதா?”

“இல்லீங்க.”

“நம்ம ரெண்டு பேரு சோறும் போச்சா?”

“போச்சுங்கண்ணா.”

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். காமாட்சி, “கடைசி பஸ்ஸு போயிரும், கெளம்பு” என்றாள்.

மறுநாள் காலை அவள் எஸ்டேட் ஆபீசுக்குப் போய்த் தாளை மாற்றச் சொன்னாள்.

“கையெழுத்துப் போட்டுட்டயேம்மா. மாத்துனா பழி உம்மேல வரும்” என்றார் பிரபாகர்.

“வரட்டுங்க. கீழ நின்னவ கையை உட்டான்னு எழுதுங்க.”

“முன்னால ஒரு வார்த்தை சேத்துக்கறேன். தவறுதலா, தெரியாம, ஏதாச்சும்.”

“வேண்டாங்க.”

அவர் ‘கால் தவறி’ என்பதை அடித்தார். பிறகு அவள் சொன்னபடியே எழுதினார்.

திங்கட்கிழமை முதல் அமுதவல்லியைக் களை வெட்டும் ஆட்களோடு அனுப்பினார்கள். அடுத்த பருவத்தில் செல்வராஜ் மிளகு பறிக்க ஏறினார். கீழே அம்மணி நின்றாள்.