மாமனாரின் தலையெண்ணெய்

மாமனார் ஆய்வுக்கூடத்துக்கு வரட்டுமா என்று கேட்டபோதே மாப்பிள்ளை ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்திருக்கலாம். அவர் கேட்ட விதம் அப்படிச் செய்ய விடவில்லை.

"மாப்பிள்ளை என்ன வேலை பாக்கறார்னு எல்லாரும் கேக்கறாங்க. விஞ்ஞானின்னு சொல்லிட்டு, அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு தெரியாம முழிக்கிறேன்."

காலமெல்லாம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பேத்தியைப் பார்க்க வந்து மகள் வீட்டில் தங்கியிருந்தார். மறுநாள் காலை தலையில் எண்ணெய் தடவிப் படிய வாரி, சட்டைக்கு இஸ்திரி போட்டு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி கிளம்பினார்.

ஆய்வுக்கூடத்தில் மேசைமேல் ஆழமில்லாத வெள்ளைத் தொட்டி. அதில் விளிம்பு வரை சுத்தமான தண்ணீர். மாப்பிள்ளை ஊசியால் பாஸ்போலிப்பிட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்மேல் விட்டான்.

"உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் தோல் மாதிரி இருக்கிற கொழுப்பு இது, மாமா. இதைக் கரைச்ச திரவம் ஆவியாப் போயிடும். கொழுப்பு மட்டும் தலையைத் தண்ணியில வச்சு, வாலை மேல தூக்கிக்கிட்டு நிக்கும். ஒரே ஒரு அடுக்கு. தொட்டிக்குக் குறுக்கே இருக்கிற இந்த ரெண்டு பட்டையும் நகர்ந்து வந்து அதை நெருக்கும்."

"கண்டக்டர் 'உள்ள போ, உள்ள போ'ன்னு நெருக்கற மாதிரி."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. "அதேதான். நெருக்கின படலம் கலையாம நின்னா, உள்ள இருக்கிற கண்ணாடித் தகட்டை மெல்ல மேல தூக்குவோம். படலம் அப்படியே அதுல ஒட்டிக்கிட்டு வந்துடும்."

ஆனால் படலம் நிற்கவில்லை. பட்டைகள் நின்ற பிறகும் கணினித் திரையில் படலத்தின் அழுத்தத்தைக் காட்டும் கோடு சரிந்துகொண்டே போனது. அவனுக்குக் காரணம் தெரியும். விடுமுறைக்குப் போகிற அவசரத்தில் கரைசல் புட்டியை ஃப்ரீசரில் வைக்க மறந்து, மூடியைக்கூடச் சரியாகத் திருகாமல் மேசையிலேயே விட்டுப் போயிருந்தான். காற்றுப்பட்ட கொழுப்பு கெடாமல் என்ன செய்யும்? புதுசு வேண்டுமென்றால் ஆய்வுக்கூடத் தலைவி மேடத்திடம் கேட்க வேண்டும், கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம் என்று அதையே எடுத்திருந்தான்.

மேடம் உள்ளே வந்த நேரம் பார்த்து மாமனார் தொட்டியை எட்டிப் பார்க்கக் குனிந்தார்.

"என்னப்பா, கோடு இப்படி இறங்குது? தகடு நாளைக்குப் போகணுமே!" என்றார் மேடம்.

மாப்பிள்ளை மாமனார் பக்கம் திரும்பினான். "தள்ளி நில்லுங்கன்னு எத்தனை தடவை மாமா சொல்றது? தலை நிறைய எண்ணெயை வச்சுக்கிட்டுத் தொட்டி மேலேயே குனியறீங்க! துளி பட்டாப் போதும், எல்லாம் பாழ்!"

அவன் ஒரு தடவைகூடச் சொல்லியிருக்கவில்லை.

மாமனாரின் முகம் சுண்டிப்போயிற்று. பின்வாங்கியவர் முதுகு கதவில் இடித்தது. "தெரியாமப் பண்ணிட்டேன்மா, மன்னிச்சுக்கங்க" என்று மேடத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு மேடம் போய்விட்டார்.

அன்றிலிருந்து மாமனார் தலையில் எண்ணெய் வைக்கவில்லை. வறண்ட முடி குத்திட்டு நின்றது. குழந்தை கையை நீட்டினால் மகளைக் கூப்பிட்டார். நாற்காலியில் சாயாமல் நுனியிலேயே உட்கார்ந்தார்.

"அப்பா ஏங்க பாப்பாவைத் தூக்கவே மாட்டேங்கறார்? உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலையே" என்றான். பாதிச் சோற்றோடு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

எண்ணெய் பட்டதில் கரைசல் வீணாகித் தீர்ந்துவிட்டது என்று மேடத்திடம் சொல்லி வாங்கிய புதுப் புட்டியை ஆய்வுக்கூடத்தில் திறந்தபோது அழுத்தக் கோடு இழுத்துக் கட்டிய நூல் மாதிரி நின்றது. படலம் ஓட்டையில்லாமல் தகட்டில் ஏறியது. "இன்னைக்கு எண்ணெய்த்தலை யாரும் வரலை போல" என்று மேடம் சிரித்தார். அவனும் கூடச் சிரித்தான். சிரித்து முடித்ததும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் மாமனார் பால்கனியில் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"மாமா, அன்னைக்கு உங்க எண்ணெயால ஒண்ணும் ஆகலை. மருந்தை நான்தான் கெடுத்து வச்சிருந்தேன்."

"எப்பத் தெரிஞ்சுது?"

நேற்றுதான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "அப்பவே தெரியும். நீங்க குனியறதுக்கு முன்னாடியே கோடு இறங்க ஆரம்பிச்சிடுச்சு."

அவர் இன்னொரு சட்டையை எடுத்து உதறினார். "அந்த அம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"அவங்க முன்னாடிதானே சொன்னீங்க."

மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போனார். மறுநாள் மாப்பிள்ளை மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னான். திட்டு விழும் என்று நினைத்தான். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"புட்டி போனாப் போகுது. பெரிய மனுஷன் என்னைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாரே. நானும் பெருந்தன்மையாப் பரவாயில்லைன்னேன். நேத்து வேற கிண்டல் பண்ணினேன்." "கூட்டிக்கிட்டு வா. நானே எல்லாத்தையும் காட்டறேன்."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவன் இதை மாமனாரிடம் சொன்னான். அவர் முகம் கொஞ்சம் இளகியது.

"நல்ல அம்மா. நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

"நாளைக்கே போலாமா, மாமா?"

"வேணாம் மாப்பிள்ளை. கோபமெல்லாம் இல்ல. அங்க நின்னா எனக்கு மூச்சு விடக்கூடப் பயமா இருக்கும்."