கடைசி வரிசை ஜன்னலோரம்

வேனின் பின்விளக்கு எரியவில்லை என்று வெங்கடேசன் இரண்டு முறை நோட்டில் எழுதிவிட்டார். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டுக்கு செக்யூரிட்டித் தலைவர் அவர். மார்கழிப் பனியில் கன்டெய்னர் லாரிக்காரர்களுக்கு முன்னால் போகிற வண்டி தெரியாது, அதன் சிவப்பு வெளிச்சம்தான் தெரியும்.

"மூணாவது வாட்டி எழுதுனா கேட் பாஸ் கட்டு, தம்பி. அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

யதிராஜ் தலையாட்டினான். பாஸ் போனால் அவன் வேனில் வரும் பதினொரு பெண்களும் கம்பெனி பஸ் பிடிக்க நெடுஞ்சாலைவரை இருட்டில் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அவனுக்கு நாலு மணிக்கு அலாரம் வைக்கக் காரணம் மிஞ்சாது.

படித்தது எலெக்ட்ரிகல் என்ஜினீயரிங். வேலை பார்த்த பிளான்ட் மூடியதும் அவனும் மனைவி சௌம்யாவும் நகையை விற்று வாங்கிய பழைய வேன் அது. அவன் ஓட்டினான். அவள் அதிலேயே ஏறி அந்தக் கம்பெனியில் லைன் வேலைக்குப் போனாள். பதினோரு மாதத்துக்கு முன் மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அதன்பிறகு அவன் அழவும் இல்லை, ஒரு நாள் லீவு போடவும் இல்லை. நடுவில் கோடையும் மழையும் வந்து போனதை வைப்பர் தேய்ந்ததை வைத்துத்தான் தெரிந்துகொண்டான்.

அன்று மத்தியானம் பிள்ளைப்பாக்கத்தில் எலெக்ட்ரீஷியன் மாரிராஜ் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனான். பின்விளக்கின் வயர்கள் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு தகட்டு மூடிக்குள் இருந்தன. யதிராஜ் இடப்பக்க ஜன்னலோர சீட்டில் முழங்காலை ஊன்றி மூடியைக் கழற்றினான். டெஸ்ட் லாம்பை ஒவ்வொரு வயராகத் தொட்டான். கரெண்ட் வந்தது. வெளியே கடைச் சுவரில், வெயிலுக்குப் பின்வாங்கிய நிழலில், சிவப்பு இரண்டு வட்டங்களாக விழுந்து கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"தூங்கிட்டியா?" மாரிராஜ் வெளியிலிருந்து கேட்டான். "ரெண்டும் சூப்பரா எரியுதுபா. வண்டி நல்லாத்தான் கீது. நீதான் டல்லா கீற."

"கேட்டுல எரியலங்கறாங்க."

"அவுங்களுக்கு இன்னா, கண்ணு மூடிக்கினு எழுதுவாங்க. போய் டீ குடி."

எதற்கும் இருக்கட்டுமென்று பல்ப் இரண்டையும் பியூஸையும் மாற்றிக்கொண்டு போனான்.

மறுநாள் விடியுமுன் பனி இறங்கியிருந்தது. ஹெட்லைட் வெளிச்சம் பத்தடி போய்ப் பஞ்சில் முடிந்தது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் பெண்கள் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து முளைத்து வந்து ஏறினார்கள். முதலில் ஸ்வெட்டர் தெரியும், பிறகு டிபன் பை, பிறகு முகம். தூரத்துத் தொழிற்சாலை விளக்குகள் தரையில்லாமல் அந்தரத்தில் நின்றன. அவனுக்கு அந்தப் பனி பிடித்திருந்தது. உலகமே தன்னைப்போல் கொஞ்சம் தள்ளி நிற்பதாகப்பட்டது.

வல்லக்கோட்டைத் திருப்பத்தில் சந்திரம்மாளைத் தாண்டிப் போய்த்தான் வண்டி நின்றது. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கும் அம்மாள். பின்னாலிருந்து நடந்து வந்தவள் ஏறாமல் கதவடியிலேயே நின்றாள்.

"யதி, பின்னால கும்மிருட்டா கீது."

இன்னும் பத்து நிமிடத்தில் கேட். இன்று எழுதினால் மூன்றாவது முறை.

என்ஜினை ஓடவிட்டுப் பின்வரிசைக்குப் போனான். சீட்டில் முழங்காலை ஊன்றி மூடியைத் தொட்டதுமே வெளியிலிருந்து அவள் குரல் வந்தது. "தோ, வந்துட்ச்சு."

இறங்கிப் போய்ப் பார்த்தான். இருட்டு.

"இப்பதான எரிஞ்சிது," என்றாள் சந்திரம்மாள், தன் மேலேயே சந்தேகப்பட்டவளாக.

மறுபடி ஏறினான். எரிந்தது. இறங்கினான். அணைந்தது.

"நீ ஏறுனா எரியுது, எறங்குனா அணையுது," என்றாள் கனகம் உள்ளிருந்து. கடைசி வரிசைக்காரி, சௌம்யாவுக்கு லைனிலும் வேனிலும் நாலு வருடம் பக்கத்து ஆள். "கட்டிக்கினவ மாதிரி மொறச்சிகினு கீதே."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது.

"சும்மா இருங்கக்கா," என்றாள் தூத்துக்குடியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பூமாரி. "நேரமாவுதுல்லா. பஞ்ச் பண்ணலேன்னா அரைநாள் போயிரும்."

யதிராஜுக்குப் புரிந்துவிட்டது. பல்புக்குப் போன கரெண்ட் திரும்பி பாடி வழியாக பேட்டரிக்கு வர வேண்டும். அதற்கான எர்த் வயரை, யாரோ பழைய எலெக்ட்ரீஷியன் சோம்பல்பட்டு, பக்கத்திலிருந்த சீட்டுக் காலின் போல்ட்டில் முடுக்கிவிட்டிருக்கிறான். கடைசி வரிசையில் ஒவ்வொரு சீட்டுக்கும் தனிக் கால். ஐப்பசி மழையில் தரை துருப்பிடித்து போல்ட் ஆடுகிறது. சீட்டில் ஆள் இருந்தால் கால் அழுந்தித் தொடுகிறது. இல்லையென்றால் தொடுவதில்லை. நேற்று மத்தியானம் மாரிராஜ் கடையிலும் அவனேதான் அதை அழுத்திக்கொண்டு இருந்தான்.

அந்த சீட்டில் பதினோரு மாதமாக யாரும் உட்காருவதில்லை. உட்காரக் கூடாதென்று யாரும் சொன்னதில்லை. பெண்கள் எதிர்ப்பக்கம் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கனகம் தன் பையைக்கூட அதில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். அவன் கண்ணாடியில் பார்த்திருக்கிறான். நன்றி சொன்னதில்லை.

"அந்த சீட்டுல வெயிட் இருந்தாதான் எரியும்," என்றான்.

யாரும் அசையவில்லை. பூமாரி மெல்லக் கேட்டாள். "எல்லார் பையையும் அடுக்கிப் பாப்போமாண்ணே?"

அடுக்கினார்கள். பதினொரு டிபன் பை. விளக்கு ஒருமுறை துடித்து அணைந்தது.

"பத்தாது," என்றான். "ஆள் வேணும்."

பனிக்குள் எங்கோ ஒரு லாரி ஏர்ஹார்ன் அடித்துப் போனது. பைகளை எடுத்து அவரவரிடம் கொடுத்தான். தன் குரல் யாருடையதோபோல் அவனுக்குக் கேட்டது.

"கனகம்மா, நகந்து உக்காருங்க."

"நானா?"

"நீங்கதான்."

"இன்னா, நான்தான் குண்டா கீறேனா?" அவள் சிரிக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. "வேற யாரையாச்சும் சொல்லேன், யதி."

"அவளுக்கு நீங்கன்னாதான் பரவால்ல."

பதினோரு மாதத்தில் வேனுக்குள் அவன் சௌம்யாவைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. கனகம் அவனைப் பார்த்தாள். பிறகு சீட்டின் ஓரத்தைக் கையால் ஒருமுறை துடைத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள், குளிர்ந்த நீரில் இறங்குகிறவள் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக.

"எரியுது," என்றாள் சந்திரம்மாள் வெளியே. சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏறினாள்.

கேட்டில் வெங்கடேசன் டார்ச்சோடு பின்னால் நடந்தார். "பிரேக்கு அமுத்து." அமுத்தினான். "இண்டிகேட்டரு." போட்டான். அவர் எதற்கோ இன்னும் ஒரு நிமிடம் நின்றார். உள்ளே கனகம் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தன் கனத்தையெல்லாம் கீழே தள்ளிக்கொண்டிருந்தாள். பத்துப் பெண்கள் மூச்சு விடவில்லை.

"சரி, போ," என்றார் வெங்கடேசன். நோட்டைத் திறக்கவில்லை.

பனி விலகியதும் பார்க்கிங்கில் சீட்டைக் கழற்றினான். அடியில் அவளுடையது ஏதாவது கிடக்கும் என்று நினைத்தான். புழுதிதான் கிடந்தது. துருவை உப்புத்தாளால் தேய்த்து, எர்த் வயரை நீட்டி நேராக சேசிஸ் சட்டத்தில் புதுப் போல்ட் போட்டு முடுக்கினான். சீட்டைப் பொருத்துமுன் இறங்கிப் போய்ப் பார்த்தான். உள்ளே யாரும் இல்லை. விளக்கு எரிந்தது. வெயிலில் அந்தச் சிவப்பு வெளிறித் தெரிந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே குந்தியிருந்தான். மூக்கிலிருந்து வழிந்ததைக் கையால் துடைத்தபோதுதான், கண்ணும் சேர்ந்து வழிகிறது என்று தெரிந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. நிற்கவும் இல்லை.

இரண்டு மணிக்கு ஷிப்ட் விட்டது. பெண்கள் வந்து ஏறினார்கள்.

"இன்னும் நான் அங்கதான் உக்காரணுமா?" கனகம் படியில் நின்று கேட்டாள்.

"வேணாம்மா. ரிப்பேர் முடிஞ்சுது. இனிமே யாரும் இல்லாமலே எரியும்."

அவள் தலையாட்டிவிட்டுப் பின்னால் போனாள். தன் பழைய சீட்டருகே ஒரு கணம் நின்றாள். பிறகு ஜன்னலோரத்துக்கே நகர்ந்து, கண்ணாடியை இழுத்துத் திறந்தாள். "இங்கதான் காத்து வருது," என்றாள், யாரும் கேட்காமலே. பூமாரி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

வல்லக்கோட்டை தாண்டுவதற்குள் கண்ணாடியில் பார்த்தான். கடைசி வரிசை ஜன்னலோரம் ஒரு பெண் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வெயில் முகத்தில் விழுந்து விழுந்து விலகியது. யார் என்று தெரியாத அளவுக்கு வெளிச்சம்.

அவன் கியரைக் குறைத்து, வேகத்தடையில் வண்டியைக் குலுங்காமல் ஏற்றி இறக்கினான்.