தலைவருக்கு வைத்த தண்ணீர்

காலிச் சங்குக்குள் குடியேறி வாழும் துறவி நண்டு ஒன்றை எட்டு வயது கினாந்தி வளர்த்தாள். அதற்குத் தலைவர் என்று பெயர். எத்தனை தடவை கூப்பிட்டாலும் வெளியே வராது என்பதால் அவளே வைத்த பெயர். பள்ளிக்கூட வாசலில் வாங்கியது. அது குடியிருந்த சங்கின் மேல் வியாபாரி கால்பந்து வரைந்திருந்தான். பார்க்கப் பப்பாளி மாதிரி இருந்தது.

நோன்புப் பெருநாளுக்கு அம்மாவோடு ஊருக்குக் கிளம்பும்போது, தலைவரை மாடியில் வாடகைக்கு இருந்த ஜத்மிகோவிடம் ஒப்படைத்தாள். இந்தோனேசியாவின் செமாராங் நகரத்தில் மூன்றாம் வருடம் பொறியியல் படிக்கும் அவன் மலையூர்க்காரன். நண்டைக் குழம்பில் மட்டுமே சந்தித்தவன். அவள் விரல் மடக்கிச் சொன்னாள். இரண்டு தட்டு: ஒன்றில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் கல்லுப்பு கரைத்தது. ஏறி வர முடியாவிட்டால் மூழ்கிச் செத்துவிடும், அதனால் ஓரத்தில் கூழாங்கல் படி. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாளாவது நின்ற தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

நின்ற தண்ணீருக்கா பஞ்சம்? குளியலறைத் தொட்டியில் வாரக்கணக்கில் நின்றுகொண்டிருந்தது. ஜத்மிகோ அதிலேயே மொண்டு இரண்டு தட்டையும் நிரப்பினான்.

மூன்றாம் நாள் காலை, வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்கும் சுலாஸ்த்ரி அம்மா டார்ச்சோடு வந்து தொட்டிக்குள் அடித்துப் பார்த்தார். ஒரு புழுகூட இல்லை. தான் பெற்ற பிள்ளையை யாரோ பாராட்டியதுபோல ஜத்மிகோ நின்றான்.

"எப்படி இருக்கும்? அவங்க ஊருக்குக் கிளம்புன அன்னைக்கே மருந்து போட்டுட்டேனே. நீ தூங்கிட்டிருந்த."

மனிதர்களுக்கு ஆகாதா என்று கேட்டான்.

"உனக்கு ஒண்ணும் ஆகாது தம்பி. புழுவுக்குத்தான் எமன். இறால், நண்டு கெடக்குற தண்ணியில மட்டும் போட மாட்டோம்."

மாடிப்படியை அவன் எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. தலைவர் தன் மணல் பெட்டியின் மூலையில் கிடந்தார். நேற்றும் அதே மூலை. தட்டுகளைக் கொட்டிக் கழுவி, குடிதண்ணீர்க் கேனிலிருந்து புதிதாக ஊற்றி, உப்புக் கரைத்து, படியைத் திரும்ப அடுக்கினான். மணலைக் கையால் சமப்படுத்தினான். நடந்தால் கால்தடம் விழுமே.

மறுநாள் காலை மணல் அப்படியே இருந்தது.

செத்தால் அழுகிய மீன் மாதிரி நாறும் என்று அறைத்தோழன் ரெந்த்ரா தகவல் கொடுத்தான். மணிக்கொரு தரம் ஜத்மிகோ சங்கை மோந்தான். அதே அறையில் ரெந்த்ராவின் காலுறைகளும் இருந்ததால் விசாரணை முடிவுக்கு வரவில்லை. சங்கைக் காதில் வைத்தால் தன் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது.

"நண்டு தோல் உரிக்குதுன்னு சொல்லிருடா," என்றான் ரெந்த்ரா. "உரிக்கிறப்ப ரெண்டு மாசம் யாரும் தொடக் கூடாது. அதுக்குள்ள நாம ரூமையே மாத்திடலாம்."

ஐந்தாம் நாள் மதியம் கேட் திறந்தது. சின்னச் செருப்புச் சத்தம் படியேறியது. தோல் உரிக்குது, தோல் உரிக்குது என்று ஜத்மிகோ வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். கினாந்தி உள்ளே வந்தாள். கையில் புதுச் சங்கு ஒன்று, கொஞ்சம் பெரிதாக. தலைவருக்குப் பெருநாள் உடுப்பாம்.

அவன் உண்மையைச் சொல்லிவிட்டான். தொட்டி, மருந்து, தட்டு, எல்லாம்.

அவள் அழவில்லை. அது அவனை இன்னும் பயமுறுத்தியது. சங்கை எடுத்து, அதன் வாயருகே தன் வாயை வைத்து, ஹா... என்று சூடாக மூச்சு விட்டாள். நண்டை வெளியே வரவைக்க அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை, மலையூர்க்காரனுக்குத் தெரியாதது. ஒன்றும் வரவில்லை. மறுபடி விட்டாள். ஒன்றுமில்லை.

"நீ விடுண்ணா," என்று நீட்டினாள். "அஞ்சு நாளா உன்னைத்தானே பார்த்துக்கிட்டிருந்திச்சு."

வாங்கினான். அவசரத்தில் சங்கு பல்லில் இடித்தது. ஹா என்றான். இன்னொரு ஹா. உள்ளே எதுவோ லேசாகச் சுரண்டியது. அவன் மூச்சை நிறுத்தாமல் இன்னும் நெருங்கினான்.

ஊதா நிறக் கொடுக்கு ஒன்று வெளியே வந்து அவன் கீழுதட்டைப் பிடித்தது.

கத்தினால் உள்ளே போய்விடுமோ என்று ஜத்மிகோ அசையாமல் நின்றான். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"விடச் சொல்லாதண்ணா," என்றாள் கினாந்தி, தட்டுகளைக் குனிந்து பார்த்தபடியே. "பிடிச்சிருக்கிற வரைக்கும் உசிரோட இருக்குன்னு அர்த்தம்."