எண்பத்தாறுக்குப் பிந்திய பாட்டுகள்

செண்பகத்துக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் காது திரும்பக் கேட்கத் தொடங்கியது.

பத்தொன்பது வயதில் காசநோய்க்காகப் போட்ட ஊசிகள் அவள் உயிரைக் காப்பாற்றிவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு போயின. எண்பத்தாறாம் வருடம் தை மாதம் லேசாக ஆரம்பித்தது. ஆடி முடிவதற்குள் கோயில் மேளம், தெருச் சத்தம், தம்பி அறிவின் குரல் எல்லாம் போய்விட்டன. அதன் பிறகு உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டாள். மயிலாப்பூர் முண்டகக்கண்ணியம்மன் கோயில் பக்கத்துச் சந்தில், தன் வீட்டு முன்னறையிலேயே தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைத்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெளியில் மாட்டும் காது மெஷினால் வெகுநாள்வரை தடதடவென்ற சத்தம் மட்டும் கொஞ்சம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. போன வருடம்தான் காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷனுக்கு டாக்டர் ஒப்புக்கொண்டார்.

ஆபரேஷனுக்கு அலைந்தது அறிவுதான். அவனுக்கு ஐம்பத்து நான்கு வயது. வேளச்சேரியில் ஏசி மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரயிலேறி அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான்.

சின்ன வயதில் அவர்கள் வீட்டில் டேப் ரிக்கார்டர் கிடையாது. செண்பகம்தான் டேப் ரிக்கார்டர். டீக்கடையில் இரண்டு தரம் கேட்ட பாட்டை வீட்டுக்கு வந்து முழுதாகப் பாடுவாள். பாட்டை மட்டுமல்ல, நடுவில் வரும் வாத்தியங்களையும் வாயாலேயே வாசிப்பாள். எண்பத்து நாலு, எண்பத்தைந்தில் வந்த பாட்டுகளில் வயலின்கள் ஒரு கூட்டமாக எழும்பும். அவை அடங்கியதும் புல்லாங்குழல் ஒற்றையாக வரும். அதையெல்லாம் அவள் ஒன்றுவிடாமல் செய்வாள். அறிவு டிபன் பாக்ஸைக் கவிழ்த்துத் தாளம் போடுவான். அந்த டிபன் பாக்ஸ் தாளம்தான் அவனைப் பதினேழாவது வயதில் ஒரு மெல்லிசைக் குழுவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்குள் அக்காவுக்குக் காது போய்விட்டிருந்தது. ஆனாலும் அவன் வாசித்த கச்சேரி ஒவ்வொன்றுக்கும் போய் முன்வரிசையில் உட்கார்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கருவி வேலை செய்ய ஆரம்பித்து இரண்டு மாதத்தில் அவளுக்குப் பேச்சு ஓரளவு பிடிபட்டது. அறிவு எதிரில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் முக்கால்வாசி புரிந்தது. அன்றைக்கே அவன் செல்போனில் எண்பத்தைந்தாம் வருடத்துப் பாட்டு ஒன்றைப் போட்டான். அக்காவுக்கு உயிரான பாட்டு.

"கேக்குதாக்கா?"

"கேக்குதுடா. நல்லா கீது."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அடுத்த வாரம் பத்துப் பாட்டு எழுதிய துண்டுச்சீட்டோடு வந்தான். அதற்கடுத்த வாரம் இன்னும் பத்து. இப்படியே இரண்டு மாதம் போனது. செண்பகம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

உண்மையில் அவளுக்குக் கேட்டது வேறு. தகர டிரங்குப் பெட்டியை ஜல்லிமேல் இழுத்துக்கொண்டு போவதைப் போன்ற ஒரு சத்தம். அதற்குள் எங்கேயோ ஒரு மனுஷக் குரல். வயலினும் இல்லை, குழலும் இல்லை. முதல் நாள் அவன் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவளால் முடியவில்லை.

ஆழ்வார்பேட்டை கிளினிக்கில்தான் விஷயம் உடைந்தது. கருவியைச் சரிசெய்து பயிற்சி கொடுக்கும் சிந்து, இருபத்தெட்டு வயதுப் பெண், வழக்கமான கேள்விகளைக் கேட்டு முடித்தாள். அறிவு தானாகவே ஆரம்பித்தான்.

"பாட்டுகூட நல்லா கேக்குது மேடம் அக்காவுக்கு. பழைய பாட்டு எல்லாம் கேட்டுக்கினு கீறாங்க."

சிந்து வியப்போடு செண்பகத்தைப் பார்த்தாள். "அப்படியா ஆன்ட்டி? நிறைய பேருக்குப் பாட்டு சரியா வராது. இந்தக் கருவி பேச்சுக்காகச் செஞ்சது. பத்து வாத்தியம் ஒண்ணா வாசிச்சா எல்லாம் கலந்து வெறும் இரைச்சலாத்தான் கேக்கும். தாளம் மட்டும் தெளிவா தெரியும். வயலின், ஃப்ளூட் எல்லாம் ரொம்பக் கஷ்டம்."

செண்பகம் மடியிலிருந்த பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அறிவுக்குப் புரிந்துவிட்டது.

திரும்பும்போது ஆட்டோவில் அவன் வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். லஸ் சிக்னலில் வண்டி நின்றபோது அவள்தான் அவன் முட்டியைத் தட்டினாள்.

"உன் மூஞ்சப் பாத்துட்டு எப்பிட்றா சொல்றது."

"எம் மூஞ்சிக்காவ ரெண்டு மாசம் அந்த இரைச்சல கேட்டுக்கினு இருந்தியா?"

"நீ எதிர்ல குந்தியிருந்தல்ல. அது போதும்னு இருந்தேன்."

அந்த வாரம் முழுக்க அறிவுக்கு வேலையில் மனம் போகவில்லை. தாளம் மட்டும் தெளிவாகத் தெரியும் என்று சிந்து சொன்னது மட்டும் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. தாளம் என்றால் அவன் பீரோவில் துணிகளுக்கு அடியில் ஒரு கேசட் இருந்தது. எண்பத்தெட்டில் மந்தைவெளியில் நடந்த கச்சேரியைக் குழுத் தலைவர் அய்யாதுரை பதிவு செய்து ஆளுக்கொன்று கொடுத்தது. அறிவு அதை யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை அதையும், தெரிந்த கடைக்காரரிடம் இரவல் வாங்கிய பழைய கேசட் பிளேயரையும் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினான்.

"இன்னாடா இது, எந்தக் காலத்து பொட்டி?"

"கம்முனு கேளு."

பட்டனை அழுத்தினான். முதலில் கூட்டத்தின் சலசலப்பு. பிறகு தாளம் ஆரம்பித்தது. நாலு அடி, கனமாக, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில். நடுவில் விசில்போலக் கீபோர்டு ஒரு சின்னத் துண்டை வாசித்துவிட்டு நிறுத்தியது. மறுபடி தாளம்.

செண்பகத்தின் கை தையல் மிஷின் பலகைமேல் அசைய ஆரம்பித்தது. ஆள்காட்டி விரல் ஒவ்வொரு அடிக்கும் சரியாக விழுந்தது. அவள் முகத்தில் ஒரு பயம் தெரிந்தது.

"அறிவு, இது கேக்குதுடா. ஒண்ணொண்ணா கேக்குது."

"பொய் சொல்லாதக்கா."

"சத்தியமா. டும், டும், டிஷ்ஷுனு வருது. அதுக்கு மேல ஒரு கை தனியா ஆடுது. யார்ரா அது?"

அவன் தன் கையைத் தூக்கிக் காட்டினான். "நான்தான்."

அவள் கேசட்டை முதலிலிருந்து போடச் சொன்னாள். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். மூன்றாவது தரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முப்பத்தேழு வருடத்துக்கு முன்னால் மேடையருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்த அந்தப் பதினேழு வயசுப் பையனின் கையை இப்போதுதான் முதல்முறையாகக் கேட்டாள்.

பாட்டு நின்றதும், "ஒரு எடத்துல ஓடிட்ட," என்றாள். "கீழ ஒரு தாளம் மிசினாட்டம் சீரா போய்க்கினு கீது. நீ அடிக்கறது மட்டும் முந்துது. ரெண்டாவது சரணத்துல."

அறிவு சிரித்துவிட்டான். "இத்தினி வருசத்துல ஒருத்தனும் கண்டுபிடிக்கல."

"ஏன்டா இத எங்கிட்ட சொல்லவே இல்ல? மேடைல வயலின்காரங்க இல்லாங்காட்டியும், அந்த கீபோர்டே பழைய மாதிரி வயலினெல்லாம் வாசிக்குதுனு நெனச்சிருந்தேன்."

அவன் சொன்னான். எண்பத்தைந்தில் அந்தக் குழுவில் இரண்டு வயலின், ஒரு குழல், தபேலா, பாங்கோஸ் என்று பதினாலு பேர். பிறகு சினிமாப் பாட்டே மாறிவிட்டது. முன்பு பத்துப் பேர் வில்லிழுத்த இடத்தில் ஒரு கீபோர்டு வந்தது. பாட்டுகள் ஆட்டத்துக்கு ஏற்ற மாதிரி வேகமெடுத்தன. கோயில் திருவிழாவில் பையன்கள் புதுப்பாட்டைக் கேட்டு ரகளை செய்தார்கள். அய்யாதுரை சிங்கப்பூரிலிருந்து கீபோர்டும், தானாகத் தாளம் போடும் ரிதம் மிஷினும் வரவழைத்தார். வயலின்காரர்கள் போனார்கள், குழல் போனது. ரிதம் மிஷினைப் பழகிக்கொள்ள இளம் ஆளாக ஒருவன் வேண்டியிருந்தது. அறிவுக்குக் கை வந்தது; மிஷினை ஓடவிட்டு அதற்குமேல் தன் கையாலும் அடித்தான்.

"அந்த மிசின் வந்ததால காஷிஃபுக்கு எடமில்லாம பூட்ச்சு," என்றான். காஷிஃப்தான் அவனுக்குப் பாங்கோஸ் சொல்லிக்கொடுத்த நண்பன்.

"அவன் துபாய் போய்ட்டான்னு சொன்ன."

"போவல. ராயப்பேட்டைலயேதான் இருந்தான். உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்திச்சு. நீ பாடின பாட்டயெல்லாம் நான்தான் ஒழிச்ச மாதிரி ஒரு இது."

"இப்ப பேசிக்கிறீங்களா?"

"அவன் பொண்ணு கல்யாணத்துக்கு மொத பத்திரிகை எனக்குத்தான் வெச்சான். அவன் அப்பவே மறந்துட்டான்க்கா. நான்தான் தூக்கிக்கினு அலையறேன்."

செண்பகம் அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "பதினேழு வயசு. ஒனக்கு ஒரு வேல குடுத்தாங்க, செஞ்ச. நீயா கொண்டாந்த அந்த மிசின? ஊரு பூரா மாறிச்சு, நீயும் மாறின." கேசட் பிளேயரைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள்: "அது இல்லைன்னா இன்னிக்கு நான் ஒன்னிய கேட்டிருக்கவே முடியாது."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு டீ போட எழுந்தான். இரண்டு தம்ளரோடு திரும்பி வந்தபோது, "பழசு போடட்டாக்கா? கொஞ்சம் கொஞ்சமா பழகும்னு மேடம் சொல்லுது," என்றான்.

"வேணாம். அதெல்லாம் எனக்கு உள்ளயே கீது. அப்பிடியே கீது. வெளிய கேட்டு கெடுத்துக்க வேணாம்."

காதுக்குப் பின்னால் மாட்டியிருந்த கருவியின் வெளித்துண்டைக் கழற்றிப் பலகைமேல் வைத்தாள். அது இல்லாமல் அவளுக்கு எதுவும் கேட்காது. டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, எண்பத்தைந்தாம் வருடத்துப் பாட்டைப் பாட ஆரம்பித்தாள். தன் பாட்டைத் தானே கேட்டு நாற்பது வருடம் ஆனவளின் குரல் அது. சத்தம் தூக்கலாக இருந்தது, சுருதி அங்கங்கே விலகியது. ஆனால் வயலின்கள் எழும்பும் இடத்தில் எழும்பின. அவை அடங்குவதற்காகக் காத்திருந்து குழல் நுழைந்தது. ஒரு இடம்கூடத் தவறவில்லை. பக்கத்து வீட்டு நிஷா சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் தலையை இழுத்துக்கொண்டாள். அறிவு அக்காவின் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எண்பத்தேழில் ஆரம்பித்து வருடவாரியாகக் கேட்பது என்று முடிவானது. அவளுக்குக் காது போன பிறகு வந்தது எல்லாம். கார்த்திகை மாதத்துக்குள் தொண்ணூற்றிரண்டுக்கு வந்திருந்தார்கள். சில பாட்டு அவளுக்குப் பிடித்தது, பல பாட்டு பிடிக்கவில்லை. பிடிக்காததை அவன் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.